எதற்குத் தலையாட்டினோம்?

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி. நமக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. விண்டோஸில் அந்த மாதம் அடைபட வேண்டிய ஓட்டைகளுக்கான ஒட்டுகளை மைக்ரோஸாஃப்ட் நிறுவனம் அப்போதுதான் வெளியிடும். 2003 அக்டோபரில் ஆரம்பித்த வழக்கம். மறுநாள் காலை காப்பி டம்ளருடன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி முளைக்கும். ஸெக்யூரிட்டி அப்டேட் தயார். இப்போதே ரீஸ்டார்ட் செய்யலாமா, அப்புறம் செய்யலாமா?

'வேண்டாம்' என்று ஒரு பட்டன் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. இப்போதா, அப்புறமா என்பதுதான் நமக்கு விடப்பட்ட சுதந்திரம்.

நாம் என்ன செய்கிறோம்? கட்டைவிரலாலோ மவுஸாலோ ஒரு தட்டு. அவ்வளவுதான். எந்த ஓட்டை, யார் கண்டுபிடித்தது, அடைத்த பிறகு வேறு ஏதாவது உடையுமா, எதுவும் கேட்பதில்லை.

இதையே வீட்டு விவகாரமாக மாற்றிப் பாருங்கள். காலையில் ஓர் ஆசாரி வந்து நிற்கிறார்.

"பின்கட்டுக் கதவுக்குப் பூட்டு மாத்தணும்."

"ஏம்ப்பா, இருக்கிற பூட்டுக்கு என்ன?"

"அதெல்லாம் சொல்ல முடியாதுங்க. உங்க பாதுகாப்புக்குத்தான்."

"புதுப் பூட்டோட சாவி யாருகிட்ட இருக்கும்?"

"வேலை முடியறவரைக்கும் கொஞ்சம் வெளியில நில்லுங்க. கதவை மட்டும் தொட்டுடாதீங்க."

இந்த ஆசாரியை உள்ளே விடுவீர்களா? தெருவையே கூட்டிவிட மாட்டீர்களா? ஆனால் கம்ப்யூட்டரில் மாதாமாதம் விடுகிறோம். செல்போனில் அதைவிட அடிக்கடி.

எனவே கேள்வி இது. எதற்கு என்று தெரியாமல் சொல்கிற 'சரி', சம்மதம்தானா? தெரிந்துகொண்டுதான் தலையாட்ட வேண்டும் என்பது நம் கடமையா, இல்லை வேலையற்றவர்களின் பிடிவாதமா?

எனக்குத் தெரிந்த ரிடையர்ட் பாங்க் ஆபீஸர் ஒருவர் இந்தப் பிடிவாதக் கட்சி. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று முப்பத்தைந்து வருஷம் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் இருந்து ஊருக்கெல்லாம் சொன்னவர். விவரம் தெரியாமல் எந்த அப்டேட்டையும் உள்ளே விடுவதில்லை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். ஸாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் அவருடைய அக்கா பையனுக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, பிளேன்ல ஏறும்போது இன்ஜினை நட்டு நட்டா கழட்டிப் பார்த்துட்டா ஏறுறீங்க?"

"ஏறலைடா. ஆனா பிளேன் எந்த ஊருக்குப் போகுதுன்னு டிக்கெட்ல போட்டிருக்கானே!"

இதற்குப் பையனிடம் பதில் இல்லை. ஆனாலும் அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

2017 மார்ச் 14-ம் தேதி மைக்ரோஸாஃப்ட் ஓர் ஒட்டு வெளியிட்டது. கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஃபைல் பரிமாறிக்கொள்ளும் பகுதியில் இருந்த ஓட்டைக்கானது. அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. அந்த ஓட்டையை ஏற்கெனவே தெரிந்துகொண்டு, யாருக்கும் சொல்லாமல், அதில் நுழைய ஒரு கருவியும் செய்து வைத்திருந்தது. கருவி களவு போய், ஏப்ரலில் ஊரறிய வெளியே வந்துவிட்டது. மே 12-ம் தேதி 'வான்னாக்ரை' என்ற புழு அந்தக் கருவியோடு உலகம் சுற்றப் புறப்பட்டது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் பிட்காயின் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிலைகுலைந்தது. ஆபரேஷன்கள் ரத்தாயின. அவசர சிகிச்சைக்கு வந்தவர்களைச் சில இடங்களில் வேறு ஆஸ்பத்திரிக்குத் திருப்பிவிட்டார்கள்.

அங்கே சிக்கிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. ஒட்டு கிடைத்து இரண்டு மாதம் ஆகியும் போடாதவை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தள்ளிப்போடலாம் என்று முடிவு செய்தவர் ஒருவர். ஆபரேஷன் தேதி தள்ளிப்போனது இன்னொருவருக்கு. புழு ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே ஊர்ந்து போகும். மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. என் மாடி, என் தண்ணீர், என் இஷ்டம் என்று சொல்லலாம். அதில் பிறக்கும் கொசு வீட்டு ஓனரை மட்டும்தான் கடிக்குமா? விவரம் தெரியும்வரை காத்திருப்பேன் என்று சொல்வது நடுநிலை மாதிரித் தோன்றும். அந்தக் காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு. பல சமயம் அதைக் கொடுப்பது பக்கத்து வீட்டுக்காரர்.

சரி, இப்போது மாமா பக்கம்.

2024 ஜூலை 19. க்ரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு சின்ன ஃபைல் அனுப்பியது. இருபது விவரங்கள் இருந்த இடத்தில் புரோகிராம் இருபத்தோராவதைத் தேடிப் போய், இல்லாத படியில் கால் வைத்த மாதிரி விழுந்தது. கூடவே விண்டோஸும் விழுந்தது. 78 நிமிஷத்தில் ஃபைலை வாபஸ் வாங்கிவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்றன என்று மைக்ரோஸாஃப்ட் கணக்கிட்டது. விமானங்கள் ரத்து. ஆஸ்பத்திரிகளில் தடங்கல். இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குப் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்.

இதில் முக்கியமான விஷயம், அந்த ஃபைலைப் போடலாமா என்று வாடிக்கையாளர் யாரையும் கேட்கவில்லை. புதுப் பதிப்பு வேண்டாம், ஒரு படி பழசே போதும் என்று ஜாக்கிரதையாக ஏற்பாடு செய்துகொண்டவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஏனென்றால் அந்த ஏற்பாடு பெரிய பதிப்புகளுக்குத்தான்; இந்த மாதிரிச் சின்ன ஃபைல்களுக்கு இல்லை. எல்லாம் முடிந்தபின் நிறுவனம் கொடுத்த வாக்குறுதிகளில் இரண்டைப் பாருங்கள். இனி இந்த ஃபைல்கள் எப்போது, எங்கே போக வேண்டும் என்பதில் வாடிக்கையாளருக்குப் பிடி கொடுப்போம். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று குறிப்பு வெளியிடுவோம். மாமா கேட்டதும் இவ்வளவுதானே?

இதைவிடப் பயமுறுத்துவது 2020 டிசம்பரில் வெளிவந்த ஸோலார்விண்ட்ஸ் விவகாரம். அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்தவர்கள், அது வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் அப்டேட்டுக்குள்ளேயே தங்கள் விஷத்தைக் கலந்துவிட்டார்கள். நிறுவனத்தின் அசல் டிஜிட்டல் முத்திரையோடு ஏறக்குறைய 18,000 இடங்களுக்கு அது போனது. அமெரிக்க நிதித்துறையும் பாதிக்கப்பட்டது. ஒழுங்காக அப்டேட் போட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

ஆக, போடாவிட்டால் கொசு. போட்டால், எப்போதாவது, மருந்திலேயே விஷம். அப்படியானால் என்ன ஏது என்று முழுசாகச் சொல்லிவிட்டுக் கொடுத்தால் என்ன? ஏன் சொல்வதில்லை?

சொல்லாததற்கு நேர்மையான காரணம் ஒன்று இருக்கிறது. நேர்மை குறைந்த காரணமும் ஒன்று இருக்கிறது.

நேர்மையான காரணம், திருடனுக்கும் படிக்கத் தெரியும் என்பது. இது கம்ப்யூட்டருக்கு முந்தைய வழக்கு. 1851-ல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தபோது ஆல்ஃப்ரெட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர் வந்து சேர்ந்தார். திறக்கவே முடியாது என்று பெயர் வாங்கிய சப் கம்பெனிப் பூட்டை அரைமணி நேரத்துக்குள் திறந்தார். பிராமா கம்பெனி தன் பூட்டைக் கடை ஜன்னலில் மாட்டி, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று பல வருஷமாகச் சவால் விட்டுக்கொண்டிருந்தது. அதையும் பதினாறு நாட்களில், ஐம்பத்தோரு மணி நேர வேலையில் திறந்துவிட்டார். ஊரே பதறியது. இதையெல்லாம் வெளியில் சொல்லலாமா, திருடர்களுக்குப் பாடம் நடத்துகிற மாதிரி ஆகாதா என்று கேட்டார்கள். ஹாப்ஸ் கட்சியின் பதில் எளிமையானது. திருடனுக்கு ஏற்கெனவே தெரியும்; தெரியாமல் இருப்பது வீட்டுக்காரனுக்கு மட்டும்தான்.

பாதி உண்மை. கம்ப்யூட்டரில் மீதிப் பாதி வேறு மாதிரி. ஒட்டு வெளியானதும் கெட்டிக்காரத் திருடர்கள் பழைய ஃபைலையும் புது ஃபைலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். எங்கே மாறியிருக்கிறதோ அங்கேதான் ஓட்டை. செவ்வாய்க்கிழமை ஒட்டு, புதன்கிழமை திருட்டு என்று இந்தத் தொழிலில் ஒரு கேலியே உண்டு. அதனால், எல்லாரும் ஒட்டுப் போட்டு முடிக்கும்வரை கொஞ்ச நாள் நுணுக்கங்களைச் சொல்லாமல் இருப்பது ஏமாற்று ஆகாது. டாக்டர் ரிசல்ட் வரட்டும் என்று இரண்டு நாள் வாய் திறக்காமல் இருப்பது போல. மூன்றாம் நாள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நேர்மை குறைந்த காரணத்துக்கு ஆப்பிள் கதை உதாரணம். ஐபோனில் பேட்டரி கிழடானால் போன் திடீரென்று அணைந்துபோகும். அதைத் தடுக்க, 2017-ல் வந்த அப்டேட்டுகள் பழைய பேட்டரி உள்ள போன்களின் வேகத்தைக் குறைத்தன. நோக்கம் தப்பில்லை. ஆனால் போன் வைத்திருந்தவர்களுக்கு வேகம் குறையும் என்று யாரும் சொல்லவில்லை. போன் பழசாகிவிட்டது, புதுசு வாங்க வேண்டியதுதான் என்று நினைத்தவர்கள் உண்டு. அந்த வருஷம் டிசம்பரில்தான் நிறுவனம் ஒப்புக்கொண்டது. 79 டாலருக்கு மாற்றித் தந்த பேட்டரியை 29 டாலருக்குத் தருகிறோம் என்றது. 2020 பிப்ரவரியில் பிரான்ஸின் நுகர்வோர் அமைப்பு இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது. வேகத்தைக் குறைத்ததற்காக அல்ல. குறையும் என்று சொல்லாததற்காக.

இந்தக் கதையில் வில்லன் யாரும் இல்லை. நல்லதைத்தான் செய்தார்கள். கேட்டிருந்தால் பாதிப் பேர் 'சரி, வேகம் போனால் போகட்டும்' என்றிருப்பார்கள். மீதிப் பேர் 29 டாலர் கொடுத்து பேட்டரியை மாற்றியிருப்பார்கள். கேட்காததால் இரண்டு வழியும் அடைபட்டது. என் நன்மைக்காகவே ஒருவர் எனக்குச் சொல்லாமல் ஒன்றைச் செய்யும்போது, நன்மை கிடைக்கலாம். முடிவெடுக்கும் இடத்திலிருந்து என்னை நகர்த்திவிடுகிறார். சின்னக் குழந்தைக்கு மருந்தை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுப்போம். வயசு வந்தவருக்கு அப்படிக் கொடுப்பதில்லை.

'எனக்கென்ன புரியப்போகிறது' என்று சொல்பவர்களுக்கு ஒரு சமாசாரம். விவரங்கள் ஓரளவு கிடைக்கத்தான் செய்கின்றன. விண்டோஸ் அப்டேட் ஒவ்வொன்றுக்கும் 'கேபி' என்று ஆரம்பிக்கும் எண் உண்டு. மைக்ரோஸாஃப்ட்டின் சொந்த உதவிப் பக்கத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால், என்ன மாறுகிறது, போட்டபின் என்னென்ன தொந்தரவுகள் வந்திருப்பது தெரியும் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் 1999-லிருந்து 'ஸி.வி.ஈ.' என்று ஒரு பொது எண், வருஷத்தோடு கொடுக்கிறார்கள். ஆபத்து எவ்வளவு என்று பத்துக்கு மார்க்கும் உண்டு. ஆண்ட்ராய்டுக்கும் ஆப்பிளுக்கும் இதே மாதிரிப் பட்டியல்கள் இருக்கின்றன. நம் அரசாங்கத்தின் 'ஸெர்ட்-இன்' அமைப்பும் எச்சரிக்கைக் குறிப்புகள் வெளியிடுகிறது.

எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். மூன்று கேள்விகள் போதும். இந்த ஓட்டை வழியாக ஏற்கெனவே யாராவது நுழைந்துகொண்டிருக்கிறார்களா? ஆமாம் என்றால் அன்றைக்கே போட்டுவிடுங்கள், மற்ற ஆராய்ச்சி அப்புறம். போட்டவர்களுக்கு என்ன தொந்தரவு வந்திருக்கிறது? உங்கள் பிரிண்டரோ, கணக்கு எழுதும் ஸாஃப்ட்வேரோ அந்தப் பட்டியலில் இருந்தால் இரண்டு நாள் பொறுக்கலாம். கெட்டுப்போனால் திரும்பி வர வழி இருக்கிறதா? முக்கியமான ஃபைல்களுக்கு வேறொரு இடத்தில் பிரதி இருந்தால், வழி இருக்கிறது. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-ன் பெரிய அப்டேட் ஒன்று சிலருடைய சொந்த ஃபைல்களையே அழித்துவிட, மைக்ரோஸாஃப்ட் அதை நிறுத்திவைத்து, சரிசெய்து, நவம்பரில் மறுபடி வெளியிட்டது. வேறு இடத்தில் பிரதி வைத்திருந்தவர்களுக்கு அது அரை நாள் எரிச்சல். மற்றவர்களுக்குப் பிள்ளைகளின் சின்ன வயசு போட்டோக்கள்.

இத்தனை படித்தாலும் ஓர் இடத்தில் படிப்பு நின்றுவிடும். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ஸன், 1984-ல் வெளியான தன் டூரிங் விருது உரையில் இதைத்தான் காட்டினார். புரோகிராம்களை மெஷின் பாஷைக்கு மாற்றித் தருவது கம்பைலர். அந்தக் கம்பைலருக்குள் ஒரு திருட்டு வாசலை ஒளித்துவைத்தால், நீங்கள் எழுதிய புரோகிராமை வரி வரியாகப் படித்தாலும் வாசல் கண்ணில் படாது என்று நிரூபித்தார். நீங்களே முழுக்க உண்டாக்காத எதையும் முழுக்க நம்ப முடியாது என்பது அவர் முடிவு. முழுக்க நாமே உண்டாக்கியது என்று நம்மிடம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்? சாப்பிடுகிற சோறு கூட இல்லை. ஆகவே கடைசியில் யாரையோ நம்பித்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் விவரம் சொல்வதால் யாருக்கு என்ன லாபம்? இங்கேதான் 2024 மார்ச்சில் நடந்தது உதவிக்கு வருகிறது. லினக்ஸ் உலகத்தில் பல இடங்களில் பயன்படும் 'எக்ஸ்இஸட்' என்ற சின்ன ஸாஃப்ட்வேரின் புதுப் பதிப்பில், இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லவராக நடித்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் பின்வாசல் வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற எஞ்ஜினீயருக்கு, தூரத்து மெஷினுக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவது உறுத்தியது. அரை விநாடிதான். நீங்களும் நானும் கொட்டாவி விட்டுப் போயிருப்போம். அவர் தோண்டினார். எல்லாம் திறந்து கிடந்ததால் தோண்ட முடிந்தது. மார்ச் 29-ம் தேதி ஊருக்குச் சொன்னார். பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்குப் போவதற்கு முன்பே அந்தப் பதிப்பு தடுக்கப்பட்டது.

கோயில் திருவிழா முடிந்ததும் வரவு செலவுக் கணக்கைச் சுவரில் ஒட்டுவார்கள். பார்த்திருப்பீர்கள். பந்தல் இவ்வளவு, பூ இவ்வளவு, வாணவேடிக்கை இவ்வளவு. ஊரில் எத்தனை பேர் அதைப் படிக்கிறார்கள்? பத்துப் பேர் இருந்தால் அதிகம். ஆனால் அந்தப் பத்தில் ஒருவர் வேலையற்ற ஒரு மத்தியானத்தில் கூட்டிப் பார்ப்பார் என்பது கணக்கு எழுதுகிறவருக்குத் தெரியும். அதனால்தான் கூட்டல் சரியாக இருக்கிறது. படிக்காதவர்களுக்கும் அந்தச் சுவர் காவல் காக்கிறது.

அதனால் கடமையைச் சரியாகப் பங்கு பிரிக்க வேண்டும். சொல்லுவது கொடுப்பவரின் கடமை. 'மேம்பாடுகள் செய்யப்பட்டுள்ளன' என்ற ஒற்றை வரியோடு அது தீராது. எல்லாவற்றையும் படிப்பது வாங்குபவரின் கடமை இல்லை, யாராலும் ஆகாது. சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும், ஒட்டாவிட்டால் ஏன் என்று கேட்பதும்தான் நம் பங்கு. 'எனக்குத் தெரியாது, அதனால் போட மாட்டேன்' என்று சொல்லும் மாமாவும், 'எனக்குத் தெரிய வேண்டாம், போட்டுவிட்டேன்' என்று சொல்லும் மருமகனும், இருவருமே அந்தச் சுவரைப் பார்க்கவில்லை.

திருக்குறளின் 51-வது அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. ராஜாவுக்கு ஆள் எடுக்கும் விஷயத்தில் சொன்னது. அதன் கடைசிக் குறள் இரண்டு தப்புகளையும் ஒரே தட்டில் வைக்கிறது. ஆராயாமல் ஒருவனை நம்புவது. ஆராய்ந்து நம்பிய பிறகு அவனைச் சந்தேகப்படுவது. இரண்டும் தீராத துன்பம் தரும் என்கிறார் வள்ளுவர். நமக்கு இரண்டும் கைவந்த கலை. காலையில் கண்ணை மூடிக்கொண்டு 'சரி' தட்டுவோம். சாயங்காலம் கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவானால், அப்டேட் போட்டதுதான் காரணம் என்று அதைத் திட்டுவோம்.

இது கம்ப்யூட்டரோடு நிற்கிற பழக்கமாகவும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன் நீட்டுகிற படிவம், கடன் வாங்கும்போது புரட்டிப் புரட்டிக் கையெழுத்து வாங்குகிற காகிதம், காண்டாக்ட் லிஸ்ட்டைப் பார்க்கலாமா என்று கேட்கிற டார்ச் லைட் ஆப், எல்லா இடத்திலும் அதே தலையாட்டல்தான். மாதாமாதம் ஒத்திகை பார்த்துக் கைக்குப் பழகிவிட்டது.

அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய் தாண்டி அந்தப் பெட்டி முளைக்கும்போது, அப்டேட்டைத் தள்ளிப்போட வேண்டாம். போடுங்கள். போட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில், கையில் இருக்கும் போனில் அந்த 'கேபி' எண்ணை ஒரு தடவை தேடிப் படியுங்கள். பாதி புரியாது, பரவாயில்லை. மீதிப் பாதியில், உங்கள் வீட்டுப் பின்கட்டுக் கதவு நேற்றுவரை எப்படித் திறந்து கிடந்தது என்று எழுதியிருப்பார்கள்.